தோண்டி முடித்த வீட்டுக்குக் கீழே மறுபடியும் தோண்டுவது எதற்கு?

கேள்வி இதுதான்: "இத்தாலியின் பொம்பெயி முழுக்கவே மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த ஊர். அப்படி எடுத்த வீட்டின் தரையைப் பெயர்த்து இன்னும் கீழே போகிறார்களாமே, அதில் என்ன கிடைக்கும்? வீடு சரிந்துவிடாதா?"

சரிவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். என்ன கிடைக்கும் என்றால், பெரும்பாலும் பானை ஓடு, கரித்துண்டு, எலும்பு, உடைந்த சுவரின் அடிவரிசைக் கல். அருங்காட்சியகத்தில் வைக்கிற மாதிரி ஒன்றும் வராது. ஆனால் வீட்டின் வயதைச் சொல்வது அந்தக் குப்பைதான். அது கையில் வந்த பிறகு, பொம்பெயியைப் பற்றி நூறு வருஷமாகப் பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு கணக்கே மாறிப்போயிற்று.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஊரை மூடியது நாலைந்து மீட்டர் கனத்துக்கு நுரைக்கல்லும் சாம்பலும். அதை அள்ளியெடுத்தால் நமக்குக் கிடைப்பது 79-ல் மக்கள் நடந்த தரை, அவ்வளவுதான். "காலம் உறைந்த ஊர்" என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வது அந்தக் கடைசி நாளைப் பற்றி. அந்த நாளில் ஊருக்கு ஏற்கெனவே அறுநூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது. முதல் மதில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. பிறகு இத்தாலியின் மலைப்பகுதியிலிருந்து சாம்னைட் மக்கள் வந்தார்கள், கி.மு. 89-ல் ரோமானியத் தளபதி சுல்லாவின் படை முற்றுகையிட்டது, கி.மு. 80-ல் ரோமானியக் குடியேற்றமாக ஆனது, வெடிப்புக்குப் பதினாறு பதினேழு வருஷம் முன்னால் பெரிய பூகம்பம் வேறு. இத்தனைக்கும் நடுவில் இடித்தார்கள், கட்டினார்கள், தரையை உயர்த்தினார்கள், மறுபடி இடித்தார்கள். அதெல்லாம் 79-ன் தரைக்குக் கீழே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்குள் நசுங்கிக் கிடக்கிறது. எரிமலை இதை மூடவில்லை, ஊர்க்காரர்களே மூடினார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் அறுவை மருத்துவர் வீடு. ஊரின் வடமேற்கு மூலையில், மதிலின் ஹெர்குலேனியம் வாசலுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. 1770-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். பொம்பெயியில் முழுசாக வெளியே வந்த முதல் வீடுகளில் ஒன்று. உள்ளே அறுவைக் கருவிகள் கிடைத்ததால் அந்தப் பெயர். கருவிகள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஆனால் அறிஞர்கள் அந்த வீட்டைச் சுற்றி வந்தது கருவிக்காக இல்லை, முகப்புச் சுவருக்காக. சார்னோ ஆற்றுப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைப் பெரிய பெரிய பாளமாகச் செதுக்கி, சாந்து இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். பார்த்தாலே ஒரு பழமை தெரியும். கரடுமுரடாக, நிமிர்ந்து நிற்கும்.

அந்தத் தோற்றம்தான் வினை. 19-ஆம் நூற்றாண்டில் பொம்பெயி அகழாய்வை நடத்திய இத்தாலியர் ஃபியோரெல்லி, அவருக்குப் பின்னால் ஜெர்மானியர் அவுகுஸ்ட் மௌ ஆகியோர் பொம்பெயி வீடுகளைக் கல்லை வைத்து வரிசைப்படுத்தினார்கள். சுண்ணாம்புக்கல் வீடு என்றால் ஆதிகாலம், எரிமலைத் துஃபா கல் வந்தால் அடுத்த காலம், செங்கல் முகம் வைத்தது ரோமானியர் காலம் என்று போகும். அந்தக் கணக்குப்படி இந்த மருத்துவர் வீடுதான் ஊரிலேயே பழைய வீடு. 1926-ல் அமெதெயோ மையூரி உள்ளே குழி போட்டுப் பார்த்தார். மையூரி சாதாரண ஆள் இல்லை, 1924-லிருந்து 1961 வரை பொம்பெயி அவர் கையில்தான் இருந்தது, தரைக்குக் கீழேயும் பார்க்க வேண்டும் என்று விடாமல் சொன்னவரும் அவர்தான். அவரும் இந்த வீட்டை கி.மு. 4, 3-ஆம் நூற்றாண்டில் வைத்தார். அதற்கப்புறம் "இத்தாலிய வீடு எப்படிப் பிறந்தது" என்று யார் எழுதினாலும் முதல் படம் இந்த வீட்டின் வரைபடம்தான்.

1990-களின் நடுவில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கிய ஆங்கிலோ-அமெரிக்கன் குழு ஒன்று, இந்த வீடு இருக்கும் மனைத்தொகுதி முழுவதையும், கடை, சாராயக்கடை, சத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து, 2006 வரை ஒவ்வொரு கோடையும் தோண்டியது. முடிவு என்ன என்றால், வீடு கட்டப்பட்டது ஏறக்குறைய கி.மு. 200-க்கும் 130-க்கும் இடையில். அதாவது ஊரின் பழைய வீடு என்று பட்டம் வாங்கியிருந்தது ஒரே அடியில் நூறு இருநூறு வருஷம் இளசாகிவிட்டது. அதற்கும் கீழே, அதே மனையில், வேறு அமைப்பில் இன்னொரு கட்டடம் நின்றிருந்ததும் தெரிந்தது. அதை இடித்து, மேட்டை வெட்டிச் சமன் பண்ணி, அதன் மேல்தான் "ஆதி வீடு" எழும்பியிருக்கிறது.

எப்படிச் சொல்கிறார்கள்? நாம் வீடு கட்டும்போது வானம் தோண்டுகிறோம் இல்லையா, அதே கதைதான். கடைக்காலுக்கு வானம் தோண்டும்போது அது ஏற்கெனவே இருக்கிற மண்ணடுக்குகளை அறுத்துக்கொண்டு இறங்கும். கல் வைத்த பிறகு சுவருக்கும் குழியின் ஓரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி நிற்கும். கொத்தனார் அதில் கையில் கிடைத்த மண்ணைத் தள்ளி மிதித்துவிடுவார். அந்த மண்ணோடு நாலு பானை ஓடு, மதியம் தின்று போட்ட எலும்பு, யாரோ தவறவிட்ட சில்லறை எல்லாம் போய்விடும். மேலே தரை போட்டதும் அந்த ஒரு சாண் மண் உறையில் போட்டு ஒட்டியது மாதிரி மூடிக்கொள்ளும். இரண்டாயிரம் வருஷம் கழித்து நீங்கள் அந்தத் தரை உடைந்த இடத்தில் உட்கார்ந்து அதே ஒரு சாண் மண்ணைக் கரணையால் சுரண்டி எடுக்கிறீர்கள். அதில் உள்ளதிலேயே கடைசியாகச் செய்யப்பட்ட பொருள் எதுவோ, அதற்கு முன்னால் அந்தச் சுவர் எழும்பியிருக்க முடியாது.

இதில் ஒரு ஓரவஞ்சனை உண்டு, பலரும் இங்கேதான் சறுக்குவார்கள். அந்த மண்ணில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஓடு நூறு கிடைத்தாலும் வீடு 4-ஆம் நூற்றாண்டு என்று ஆகாது. பழைய குப்பைமேட்டு மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாம், அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக் கருமெருகு ஓடு ஒன்றே ஒன்று, சந்தேகமில்லாத இடத்தில் கிடைத்தால் போதும், நூறும் தள்ளுபடி. அதனால்தான் "ஒன்றே ஒன்று" கிடைக்கும்போது எல்லாரும் பதறுவார்கள். எலி வளை வழியாக உள்ளே போனதா, மர வேர் இழுத்துப்போனதா, 18-ஆம் நூற்றாண்டில் புதையல் தேடியவன் தோண்டி மூடிய குழியில் நாம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். மண் காய்ந்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீர் தெளித்தால்தான் குழியின் விளிம்பு ஒரு கோடு மாதிரி எழும்பும், அதுவும் ஐந்து நிமிஷம்தான்.

மாணவனாக இருந்தபோது இரண்டு கோடை ஒரு ரோமானியக் குழியில் மண் அள்ளியிருக்கிறேன், பொம்பெயியில் இல்லை, வேறு ஊரில். ஒரு சாயங்காலம், வெயிலில் தலை கிறுகிறுத்துப் போய், தரைக்கு மேலே எடுத்த ஓடுகளையும் கீழே எடுத்த ஓடுகளையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டேன். மேற்பார்வையாளர் கத்தவில்லை. பையின் அடையாளச் சீட்டை மட்டும் கிழித்துவிட்டு, "இனி இது வெறும் ஓடு" என்றார். எல்லாம் நல்ல ஓடுகள், ஒன்றில் குயவரின் கைரேகைகூட இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் எதற்கும் உதவவில்லை.

சில்லறை என்று சொன்னேன் இல்லையா, அதுவும் ஒரு தனிக் கதை. பொம்பெயியில் தரைக்குக் கீழே வருகிற நாணயங்களில் கணிசமானவை ரோமில் அடித்தவையே இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு வெண்கலக் காசு, பச்சைப் பாசி பிடித்து மண் கட்டி மாதிரியே இருக்கும், சல்லடையில் தேய்த்தால்தான் தெரியும். சுத்தம் செய்தால் கால் வளைந்து, கையில் பாம்போடு ஒரு குள்ள உருவம். அது எகிப்தியக் கடவுள் பெஸ்! காசு அடித்த ஊர் ஸ்பெயின் பக்கத்துத் தீவு எபுசஸ், இன்றைய இபீசா. ரோமின் சின்னச் சில்லறை போதாமல் போனதால் இந்த அந்நியக் காசு ஊருக்குள் புழங்கியிருக்கிறது, போதாதென்று அதைப் பார்த்துப் பார்த்து உள்ளூரிலேயே போலியும் அடித்திருக்கிறார்கள். தங்கக் காசு என்றால் கீழே விழுந்ததும் குனிந்து தேடுவார்கள். இந்த மாதிரித் தம்படிக் காசை யார் தேடுவார்கள்? அதனால்தான் தரைக்குக் கீழே இது கிடைக்கிறது, பொன் கிடைப்பதில்லை.

சரி, வீடு இளசானால் என்ன பெரிய மாற்றம்? மருத்துவர் வீடு தனியாக நகரவில்லை. அதைத் தலையில் வைத்துக் கட்டிய வரிசை முழுக்க ஆட்டம் கண்டது. இப்போது நம் கண்ணுக்குத் தெரிகிற பொம்பெயியின் கல்வீடுகளில் பெரும்பகுதி கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் 2-ஆம் நூற்றாண்டிலும் மளமளவென்று எழும்பியவை என்றுதான் பலர் இன்று சொல்கிறார்கள். கி.மு. 216-ல் ரோமோடு போரிட்ட கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் பக்கத்து ஊர் நூசேரியாவை அழித்தார், அங்கிருந்து பிழைத்தவர்கள் இங்கே வந்திருக்கலாம் என்று சிலர் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அவசரமாகத் தெரிகிறது. பானை ஓடு ஒரு தலைமுறைக்குக் கிட்டத்தான் காலம் சொல்லும், படையெடுப்போ ஒரு வருஷத்துக் கதை. ஆனாலும் ஊர் மெதுவாக, ஆதி காலத்திலிருந்து வீடு வீடாக வளர்ந்தது என்ற பழைய படம் இனி செல்லாது.

இதே நேரத்தில் ஊரின் இன்னொரு பக்கம், அபொண்டான்சா வீதிக்குத் தெற்கே, அமரான்டஸ் வீடு என்பதில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ வாலஸ்-ஹாட்ரில், மைக்கேல் ஃபுல்ஃபோர்டு இருவரும் 1995-லிருந்து தோண்டினார்கள். அமரான்டஸ் மது விற்றவர். ஜாடியில் எழுதிய பெயரிலிருந்து தெரிகிறது. 79-ல் அவர் வீட்டு முற்றத்தில் மது ஜாடிகள் அடுக்கடுக்காக நின்றன, அதில் கிரீட் தீவு ஜாடிகளும் உண்டு. ஓர் அறையில் கோவேறு கழுதை, அதன் காலடியில் நாய், இரண்டும் எலும்புக்கூடாக. நான் படித்ததில் என்னை மிகவும் நெருங்கிய 79-ன் காட்சி இதுதான். மழைநீர்த் தொட்டியைச் சுற்றிப் பளபளப்பாக இருக்க வேண்டிய முற்றத்தைக் கிடங்காக்கி, படுக்கையறை மாதிரி ஒன்றில் கழுதையைக் கட்டியிருக்கிறார் மனுஷன்.

அங்கே தரைக்குக் கீழே போனபோது, கி.மு. 6-ஆம் நூற்றாண்டுச் சுவர்களே வந்தன. பப்பமோன்தே என்று உள்ளூரில் சொல்கிற, நகத்தால் கீறினாலே பொடிகிற சாம்பல் நிறக் கல். ஊரின் முதல் மதில் கட்டியதும் அதே கல்லில்தான். அந்தச் சுவர்கள் ஓடிய திசை, ஏறக்குறைய அறுநூறு வருஷம் கழித்து அமரான்டஸ் காலத்துச் சுவர் ஓடிய திசையோடு ஒத்துப்போகிறது. நடுவில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஊரே ஏறத்தாழ ஆளில்லாமல் போன மாதிரி பொருள்கள் அருகிப்போகின்றன. வீடு போய், ஆள் போய், மொழியே மாறியும், மனையின் எல்லை மட்டும் எப்படியோ நின்றிருக்கிறது. மருத்துவர் வீட்டில் மேலே உள்ளது நினைத்ததைவிட இளசு, இங்கே கீழே உள்ளது நினைத்ததைவிடப் பழசு. இரண்டும் ஒரே ஊர்தான்.

இனி எங்கே வேண்டுமானாலும் தோண்ட முடியுமா என்ற விஷயம். முடியாது. 79-ன் மொசைக் தரையோ, செங்கல் பொடி கலந்த சுர்க்கித் தரையோ முழுசாக இருக்கும் இடத்தில் கரணையை வைக்க விட மாட்டார்கள், விடவும் கூடாது. கீழே இருப்பதைப் பார்க்க மேலே இருப்பதை அழித்துத்தான் ஆக வேண்டும், அகழாய்வில் திரும்ப ஒட்டுவது என்பது கிடையாது. அதனால் ஏற்கெனவே தரை போன இடங்கள்தான் அனுமதி கிடைக்கும் இடங்கள். 18-ஆம் நூற்றாண்டில் சித்திரத் தரையைப் பெயர்த்து அரண்மனைக்குக் கொண்டுபோன அறை. 1926-ல் மையூரி குழி போட்டு மூடிய இடம், அதை மறுபடி திறந்தால் பக்கச் சுவரில் மண்ணடுக்கு அப்படியே வெட்டு முகமாகத் தெரியும், புதிதாக எதையும் அழிக்க வேண்டியதில்லை. அப்புறம் 1943-ல் நேச நாட்டு விமானங்கள் பொம்பெயி மேல் போட்ட குண்டுகள். மருத்துவர் வீட்டுக்குப் பக்கத்து மனைத்தொகுதியிலுள்ள சல்லஸ்ட் வீட்டிலேயே ஒன்று விழுந்தது.

இதன் விளைவை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. மண் தரை போட்ட சமையலறை, கடை, தோட்டம், பின்கட்டு இவற்றின் கீழே என்ன இருந்தது என்று நமக்கு நன்றாகவே தெரியும். பணக்காரர்களின் விருந்தறைக்குக் கீழே என்ன என்று பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அங்கே தரை நன்றாக இருக்கிறது. ஆக "பழைய பொம்பெயி ஏழை ஊர், சின்னச் சின்னக் கட்டடம்" என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த அறைகளின் கீழே பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

காலக் கணக்கு இப்படி மாறுவது இத்தாலியோடு நிற்கிற விஷயம் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் கிடங்கு மாதிரி ஒரு கட்டடத்துக்கு வயது சொன்னதும் இதே வழியில்தான். இத்தாலியின் அரெட்ஸோவில் செய்த சிவப்பு மெருகு அரெட்டைன் கிண்ணத் துண்டுகள், அவை எந்த மண்ணடுக்கில் வருகின்றன என்ற கணக்கு. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லே குழுவினர் மறுபடி தோண்டியபோது, வீலர் சொன்னதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெளிவாயிற்று. அரிக்கமேடு பழசானது, மருத்துவர் வீடு இளசானது. முதலில் தோண்டியவர்கள் முட்டாள்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குறுகலான குழியில் கிடைத்ததை வைத்துச் சொன்னார்கள், குழி அகலமானதும் கணக்கு மாறியது.

இப்போது வீடு சரிந்துவிடாதா என்பது. சரியும், கவனமில்லாமல் தோண்டினால். சுவரை ஒட்டிய மண்தான் கடைக்காலைப் பக்கத்திலிருந்து அணைத்துப் பிடித்திருக்கிறது. ஆகவே ஒரு சுவரின் நீளம் முழுக்க ஒரே நேரத்தில் திறக்க மாட்டார்கள். ஒரு துண்டு திறந்து, வரைந்து, படமெடுத்து, தேவையென்றால் முட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த துண்டுக்குப் போவார்கள். கடைக்காலின் அடிக்கல்லுக்குக் கீழே மண்ணைக் குடைவது யாரும் செய்யாத வேலை. சுவரிலிருந்து விலகி, அறையின் நடுவில்தான் ஆழம் போவார்கள், மனிதக் கை படாத கன்னிமண் தெரிகிற வரைக்கும். தெரிந்ததும், குழியின் அடியில் விரிப்புத் துணி போட்டு, எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டி மூடிவிடுவார்கள். திறந்து வைத்தால் ஒரே மழைக்காலத்தில் சுவர் ஊறி உட்கார்ந்துவிடும்.

அதனால் நீங்கள் இன்று மருத்துவர் வீட்டுக்குப் போனால், அந்தப் பழைய கட்டடத்தைப் பார்க்க முடியாது. முகப்புச் சுண்ணாம்புக்கல் சுவர் மட்டும், தான்தான் ஊரில் மூத்தவன் என்கிற மாதிரி நிமிர்ந்தே நிற்கும்.